வேலையா இருக்கியாம்மா?

என் அம்மா எப்போது போன் செய்தாலும் முதலில் கேட்பது இதைத்தான். "வேலையா இருக்கியாம்மா?" இல்லை என்று நான் சொன்ன பிறகுதான் பேச்சைத் தொடங்குவார். ஆமாம் என்று சொல்லிவிட்டால், "சரி சரி, நீ பாரு, அப்புறம் பேசிக்கலாம்" என்று வைத்துவிடுவார். அந்த அப்புறம் பல வாரங்கள் வராமலே போயிருக்கிறது.

திருச்சி தில்லைநகரில் மாடியில் இரண்டு அறை எடுத்து ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்கு பார்த்துக் கொடுக்கும் வேலை செய்கிறேன். உடன் இரண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். வீடு ஸ்ரீரங்கத்தில். கணவர் துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் சூப்பர்வைசர். ஒரே மகன்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், மாதம் என்பது எங்களுக்கு இரண்டு தேதிகள். 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் வரியைக் கட்டிப் போடும் மாத ரிட்டர்னான 3பி. தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் லேட் ஃபீ, வியாபாரமே நடக்காத மாதத்துக்கான நில் ரிட்டர்ன் என்றால் 20 ரூபாய். பாக்கி வரிக்கு 18 சதவீத வட்டி தனி. இதற்கிடையில் வழக்கமாக ஜூலை 31 தனிநபர் வருமான வரி, செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட். பில்லைக் கடைசி நாள் சாயங்காலம் கட்டாகக் கொண்டுவந்து கொட்டுகிற பார்ட்டி உண்டு. ஓடிபி வந்த நேரத்தில் போனை எடுக்காத பார்ட்டியும் உண்டு. ஆக, வேலை நிஜமாகவே இருந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து அது குறையவே இல்லை. ஆனால் மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்க வேண்டிய பரபரப்பை முப்பது நாளும் இழுத்துக்கொண்டு திரிந்தேன். அதற்கு ஜிஎஸ்டியைக் குறை சொல்ல முடியாது.

2022 டிசம்பரில் எங்கள் பிளஸ் டூ தோழிகள் 25 வருடம் கழித்துச் சந்தித்தோம். நல்ல சந்திப்பு. ஒருத்தி கையை ஒருத்தி விடாமல் பேசினோம். வீட்டுக்குத் திரும்புவதற்குள் வாட்ஸ்ஆப் குழு தொடங்கிவிட்டார்கள், 64 பேர். மறுநாளிலிருந்து படங்கள். டல்லஸில் ஒருத்தி வாங்கிய வீட்டில் பால் காய்ச்சியது, இன்னொருத்தியின் மகளுக்கு மெடிக்கல் சீட் கிடைத்தது, கோவையில் ஒருத்தி கிளினிக்கை இரண்டு மாடியாக்கியது. ஒவ்வொன்றுக்கும் இதயம் போட்டேன். மனசார வாழ்த்தித்தான் போட்டேன்.

ஆனால் ஒரு ராத்திரி அந்த டல்லஸ் வீட்டுச் சமையலறைப் படத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். எங்கள் சமையல் மேடையின் கடப்பைக் கல் ஓரத்தில் பெயர்ந்திருந்தது. அது பெயர்ந்து ஐந்து வருடம் இருக்கும். அந்த ஐந்து வருடமும் அதே மேடையில்தான் காய் நறுக்கினேன், என் கண்ணில் படவே இல்லை. அன்றைக்கு அது மட்டும்தான் தெரிந்தது. அப்புறம் கூடம் சின்னதாகத் தெரிந்தது. ஸ்கூட்டர் பழசாகத் தெரிந்தது. வீட்டில் ஒரு பொருள்கூட மாறவில்லை, எனக்குத்தான் எல்லாம் குறைந்துபோனது போல இருந்தது.

லியான் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தன்னை அளந்துகொள்ள வேறு அளவுகோல் இல்லாதபோது மனிதர்கள் பிறரை வைத்து அளக்கிறார்கள், அதுவும் தனக்கு வெகு தூரத்தில் இருப்பவரை விட்டுவிட்டுத் தன்னை ஒத்தவரை வைத்தே அளக்கிறார்கள் என்பது அவர் சொன்னதின் சாரம். இதைப் படித்தபோது என் மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. எந்தப் பெரிய பணக்காரர் வீட்டுக் கல்யாணத்தைப் பார்த்தும் எனக்குத் தூக்கம் கெட்டதில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் கணக்குப் பார்த்து எழுதியவள் வீடு வாங்கினால் கெடுகிறது. ஓரகத்தி வாங்கும் நகை, எதிர் வீட்டுப் பையனின் மார்க், கூடப் பிறந்தவன் வாங்கும் கார், உறுத்துவதெல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. முன்பு அப்படிப்பட்டவர்கள் ஒரு தெருவுக்குள் பத்துப் பேர் இருப்பார்கள். அவர்கள் வீட்டு நல்லது கெட்டது இரண்டும் நமக்குத் தெரியும். இப்போது 64 பேர், அதுவும் நல்லது மட்டும், படுக்கை வரைக்கும் வருகிறது.

இதில் எனக்கு ஒரு விசித்திரமான வசதி இருந்தது. நான் பிறருடைய கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பவள். ஊரில் கண்ணாடியும் விளக்குமாகப் பளபளக்கும் கடையின் சிசி லிமிட், அதாவது வங்கி கொடுத்த கடன் வரம்பு, விளிம்பு வரை எடுக்கப்பட்டிருப்பது எனக்குத் தெரியும். புதுக் காரில் வந்து இறங்குபவர் சப்ளையருக்கு ஏழு மாத பாக்கி வைத்திருப்பது தெரியும். வெளியே தெரிவது வேறு, உள்ளே வேறு என்பதை என் அளவுக்கு ஆதாரத்தோடு பார்த்தவர்கள் குறைவு. அப்படியிருந்தும் அந்தப் படங்கள் என்னை உறுத்தின. ஆகவே, "அவர்களுக்கும் உள்ளே கஷ்டம் இருக்கும்" என்ற ஆறுதலை நான் நம்புவதில்லை. அந்த ஆறுதலும் ஒப்பிடுவதுதான். அவர்களுக்குக் கடன் இருந்தால்தான் எனக்கு நிம்மதி என்றால், அவர்கள் கடனை அடைக்கும் நாளில் என் நிம்மதியும் போய்விடும். ஒருவருடைய பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்து, "பரவாயில்லை, நாம் தேவலை" என்று ஒரு நொடி மனம் இளைப்பாறியதைக் கவனித்த நாளில் எனக்கே சங்கடமாக இருந்தது. அவர் என்னை நம்பிக் கொடுத்த காகிதம் அது.

2023 பிப்ரவரி 20, திங்கட்கிழமை. அம்மா லால்குடியிலிருந்து பஸ்ஸில் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கையில் பையில் முருங்கைக்காய், கொல்லை மரத்தில் காய்த்தது. நான் 3பி-யில் இருந்தேன். ஜிஎஸ்டி போர்ட்டல் மெதுவாக இருந்தது. "இதோ வர்றேம்மா" என்றேன். வாசல் பக்கம் பார்ட்டிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். நடுவில் டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னேன். இரண்டு மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தபோது முருங்கைக்காய்ப் பை மட்டும் இருந்தது. "பாட்டி கிளம்பிட்டாங்க அக்கா, உங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்னு சொன்னாங்க" என்றாள் உடன் வேலை செய்யும் பெண்.

அன்று ராத்திரி என் மகன் ஏதோ தேடுவதற்காக என் போனை எடுத்தவன், டிஜிட்டல் வெல்பீயிங் பக்கத்தைத் திறந்து காட்டினான். அந்த ஒரு நாளில், 20ஆம் தேதியில், நான் போன் பார்த்த நேரம் 3 மணி 40 நிமிடம். அதில் பார்ட்டிகளோடு பேசியது முக்கால் மணிகூட வராது. போர்ட்டல் சுற்றிக்கொண்டிருந்த ஒவ்வொரு இரண்டு நிமிடத்திலும் போனை எடுத்திருக்கிறேன். படம், ஸ்டேட்டஸ், அடுத்த படம். அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு மணி நேரத்திலும்தான்.

அன்று எனக்கு வேலை இருந்தது உண்மை. அம்மாவுக்குக் கொடுக்க அரை மணி நேரம் இருந்ததும் உண்மை. அதை நான் யார் யாருக்கோ கொடுத்திருந்தேன்.

அதன் பிறகு செய்தவற்றைச் சொல்கிறேன். எதுவும் ஒரே நாளில் நடக்கவில்லை, இரண்டு மூன்று பாதியில் நின்று மறுபடி தொடங்கியவை.

முதலில் போன். குடும்பக் குழுவிலிருந்து வெளியேறினால் என்ன ஆகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும், ஒரு பெரியம்மாவாவது மூன்று மாதம் பேச மாட்டார். அதனால் எதிலிருந்தும் வெளியேறவில்லை. எல்லாக் குழுவையும் ஆர்க்கைவ் பண்ணினேன். அப்படிப் பண்ணினால் புதுச் செய்தி வந்தாலும் அது மேலே ஏறி வராது, நாமாகப் போய்த் திறந்தால்தான் தெரியும். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை திறந்து பார்க்கிறேன். துக்கச் செய்தி, விசேஷச் செய்தி எதுவும் இதனால் விட்டுப்போனதில்லை. முக்கியமானது என்றால் யாராவது போன் செய்துவிடுகிறார்கள்.

அடுத்தது கொஞ்சம் வெட்கத்தோடு செய்தது. யாருடைய ஸ்டேட்டஸ் என்னை அதிகம் உறுத்துகிறது என்று ஒரு தாளில் எழுதினேன். நாலு பேர். நாலு பேரையும் மியூட் செய்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் அது ஒளிந்துகொள்வதாகத்தான் இருந்திருக்கும். அந்த நாலு பேருக்கும் போன் செய்து பேசுவது என்று முடிவு செய்தேன். டல்லஸ்காரியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசினேன், அவளுக்கு அங்கே சனி ராத்திரி. இந்த மாதிரிக் கதைகளில் அவளுக்கும் ஒரு மறைந்த துயரம் இருந்ததாகச் சொல்வார்கள். அவளுக்கு அப்படி எதுவும் இல்லை. சந்தோஷமாக இருக்கிறாள். வீடு அவளுக்குப் பிடித்திருக்கிறது. வெயில் காலத்தில் திருச்சியை மிஞ்சும் வெயில் என்றாள், கொல்லையில் கறிவேப்பிலைச் செடி குளிரில் பட்டுப்போகாமல் இருக்கத் தொட்டியில் வைத்து வீட்டுக்குள் தூக்கி வைப்பதைச் சொன்னாள். 40 நிமிடம் பேசினோம். வைத்த பிறகு எனக்குக் கொஞ்சமும் உறுத்தல் இல்லை. அதே வீடுதான், அதே சமையலறைதான். படமாகப் பார்த்தபோது அதில் எனக்கு இடமில்லை. அவள் குரலில் கேட்டபோது நான் கேள்வி கேட்டேன், சிரித்தேன், கறிவேப்பிலைக்கு யோசனை சொன்னேன். தோழியின் சந்தோஷத்தில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. இன்றுவரை எனக்கு அதிகம் உதவியது இந்த ஒன்றுதான். யாரைப் பார்த்து மனம் சுருங்குகிறதோ அவரோடு பேசுங்கள்.

"பிஸி" என்ற சொல்லை நிறுத்தினேன். முன்பெல்லாம் யாரைப் பார்த்தாலும் "சாப்பிட்டாச்சா?" என்போம். இப்போது "பிஸியா?" என்கிறோம். ஆமாம் என்று சொல்வதில் ஒரு கௌரவம் இருக்கிறது. சும்மா இருக்கிறேன் என்று சொல்ல ஒரு கூச்சம். நான் காலியாக உட்கார்ந்திருந்த மதியங்களில்கூட "ஆமாங்க, செம பிஸி" என்று சொல்லியிருக்கிறேன். இப்போது வேலை இருந்தால் என்ன வேலை என்றும், எத்தனை மணிக்கு முடியும் என்றும் சொல்கிறேன். "3பி போட்டுக்கிட்டு இருக்கேன், நாலு மணிக்குக் கூப்பிடுறேன்." நாலு மணிக்குக் கூப்பிட்டுவிடுகிறேன். சின்ன விஷயம்தான், ஆனால் மணி சொல்லிவிட்டால் வேலைக்கும் ஒரு எல்லை வந்துவிடுகிறது.

அந்த வருடம் நாங்கள் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு மூன்று பெட்ரூம் ஃப்ளாட் பார்த்து வைத்திருந்தோம். கையில் இருந்ததைப் போட்டு, மீதிக்கு 50 லட்சம் கடன். 8.5 சதவீத வட்டி, 20 வருடம். பிறருக்குத் தினமும் கணக்குப் போடுகிற நான், எனக்கான கணக்கை அதுவரை உட்கார்ந்து போடவில்லை. ஒரு ராத்திரி அவரும் நானும் போட்டோம். மாத இஎம்ஐ 43,391 ரூபாய். 240 மாதத்தில் கட்டுவது 1 கோடியே 4 லட்சத்துக்குச் சற்று மேல். வட்டி மட்டும் 54 லட்சம். கடன் முடியும்போது எனக்கு வயது 63. அதைக் கட்ட நான் இன்னும் இருபது பார்ட்டியின் ஃபைலாவது எடுக்க வேண்டும், அவர் ஓவர்டைம் பார்க்க வேண்டும். அவர் தாளைப் பார்த்துக்கொண்டே, "அந்த வீட்டுல நாம எப்ப இருப்போம்?" என்று கேட்டார். அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவோம், எத்தனை மணிக்குக் கிளம்புவோம் என்று நிஜமாகவே கணக்குப் பார்த்துத்தான் கேட்டார். நாங்கள் வாங்கவில்லை. வீடு வாங்குவது தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். வாடகை வீட்டில் இருந்திருந்தால் எங்கள் முடிவு வேறாக இருந்திருக்கும். எங்களுக்கு இருக்க ஒரு வீடு இருந்தது. அந்த ஃப்ளாட் ஆசை எங்கே முளைத்தது என்று பின்னோக்கிப் பார்த்தால், அந்த ராத்திரி பார்த்த படத்தில் போய் நின்றது.

அதே தாளின் பின்பக்கத்தில் இன்னொரு கணக்குப் போட்டோம். எங்களுக்கு எவ்வளவு இருந்தால் போதும்? வீட்டுச் செலவு, மகன் படிப்பு, இரண்டு பக்கப் பெரியவர்களின் மருத்துவம், ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு, வயதான காலத்துக்குச் சேமிப்பு. ரூபாயாக எழுதினோம். போதும் என்பதை மனநிலையாக வைத்திருந்தவரை அது யாரைப் பார்த்தாலும் நகர்ந்துகொண்டே இருந்தது. எண்ணாக எழுதிய பிறகு நகர்த்த வேண்டுமென்றால் தாளை எடுத்து, அடித்து, ஏன் என்று எழுத வேண்டியிருக்கிறது. இதுவரை இரண்டு முறை மாற்றியிருக்கிறோம். இரண்டும் மருத்துவச் செலவுக்காக.

அந்த எண்ணை வைத்துப் பார்த்தால் என்னிடம் இருந்த 62 ஃபைலில் 45 போதும் என்று வந்தது. பதினேழை, முன்பு என்னிடம் வேலை கற்றுக்கொண்டு தனியாகத் தொடங்கிய இரண்டு பேருக்குக் கொடுத்தேன். மாத வருமானம் கிட்டத்தட்ட 20,000 ரூபாய் குறைந்தது. இதை எளிதாகச் செய்தேன் என்று சொன்னால் அது உண்மை இல்லை. ஏழெட்டு மாதம் பயமாகவே இருந்தது. நான் கொடுத்த பார்ட்டி ஒருவர் தொழிலில் நன்றாக வளர்ந்து ஃபீஸ் இரட்டிப்பானதாகக் கேள்விப்பட்டபோது வயிற்றில் என்னவோ செய்தது. அப்போதெல்லாம் எனக்குக் கைகொடுத்தது ஒரு பாத்திரக் கடைக்காரர். பல வருடமாக என்னிடம் கணக்குக் கொடுப்பவர், சின்ன வியாபாரிகளுக்கான ஜிஎஸ்டி காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடை. இரண்டாவது கடை போட அவருக்குப் பணமும் இருந்தது, இடமும் வந்தது. வேண்டாம் என்றுவிட்டார். "ஒரு கடையைத்தான் மேடம் என்னால கண்ணால பார்க்க முடியும், ரெண்டாவதை ஆளை விட்டுத்தான் பார்க்கணும்" என்றார். ராத்திரி எட்டு மணிக்கு ஷட்டரை இறக்கிவிடுவார். அவருடைய கணக்கு வருடா வருடம் அடித்தல் திருத்தல் இல்லாமல் வரும். அவரை நான் அதுவரை முன்னேறத் தெரியாதவர் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆசைகளை என்ன செய்வது? அவை வரத்தான் செய்யும். எதையாவது பார்த்து வாங்கத் தோன்றினால் டைரியின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதிவிடுவேன். அடுத்த மாதம் 20ஆம் தேதி முடிந்த பிறகுதான் அந்தப் பக்கத்தைத் திறப்பேன். முதல் வருடத்தில் 19 எழுதியிருந்தேன். வாங்கியது நாலு. மகனுக்குப் படிக்க ஒரு மேசை, மாவு அரைக்கச் சாய்க்கிற கிரைண்டர், லால்குடி வீட்டில் அம்மாவின் மூட்டுவலிக்காக ஒரு வெஸ்டர்ன் டாய்லெட், அப்புறம் அந்தச் சமையல் மேடைக் கல். மீதி பதினைந்தில் பாதியை எதற்காக எழுதினேன் என்றே பிறகு நினைவில்லை. கல்லை மாற்றியதற்குக் காரணம் டல்லஸ் படம் இல்லை. பெயர்ந்த இடத்தில் கரப்பான் வந்துகொண்டிருந்தது, துடைக்கும்போது கையைக் கிழித்தது. நிஜமாகவே இடைஞ்சலாக இருப்பதைச் சரி செய்துகொள்வதில் எந்தக் குற்ற உணர்வும் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

மகன் விஷயத்தில்தான் நான் அதிகம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் கணக்கில் 91 வாங்கி வந்தான். தாளைக் கையில் வாங்கியதும் நான் கேட்டது, "கிளாஸ்ல ஹையஸ்ட் எவ்வளவு?" அவன் பதில் சொல்லாமல் ஷூவைக் கழற்றினான். பிறகு, "அம்மா, நான் எந்தக் கணக்குல தப்பு விட்டேன்னு நீ கேட்டதே இல்லை" என்றான். ஹையஸ்ட் எவ்வளவு என்று என்னிடம் கேட்டது என் அப்பா, அவரிடம் கேட்டது அவர் வாத்தியார், இப்படியே வந்த கேள்வி அது. பிள்ளை முகத்தைப் பார்ப்பதற்கு முன் வாயில் வந்துவிடுகிறது. அந்தக் கேள்வியைக் கைவிட எனக்கு ஒரு வருடம் ஆனது. இப்போது தாளைச் சேர்ந்து பார்க்கிறோம். எந்த இடத்தில் இடறினான் என்று பார்த்து, அந்த ஒரு கணக்கை மறுபடி போடுகிறோம்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்று குழுக்களில் "உங்க பையன் எவ்வளவு?" என்று வரத் தொடங்கும் என்று தெரியும். முதல் நாளே மூவரும் உட்கார்ந்து பதிலை எழுதி வைத்துக்கொண்டோம். "நல்லா பண்ணியிருக்கான், அவனுக்குச் சந்தோஷம், எங்களுக்கும் சந்தோஷம்." யார் கேட்டாலும் அதுதான். இரண்டு பேர் விடாமல் கேட்டார்கள். அதே வாக்கியத்தை மறுபடி அனுப்பினேன். அந்த நேரத்தில் மனத்தால் சமாளிக்கலாம் என்று நினைத்தால் முடியாது. வாக்கியம் கையில் தயாராக இருக்க வேண்டும்.

உடம்புக்காக உத்தர வீதியில் நடக்கத் தொடங்கியிருந்தேன். காலையில் கோயிலைச் சுற்றி அந்த வீதிகளில் நடப்பது மனசுக்கு அவ்வளவு இதமானது. ஆனால் கூட நடந்தவர்கள் அடிகளை எண்ணும் ஆப் வைத்திருந்தார்கள். நானும் போட்டேன். ஒரு மாதத்தில் யார் 10,000 அடி, யார் 12,000 என்பதுதான் பேச்சு. 8,000 வந்த நாளில் சாயங்காலம் வீட்டுக்கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து கணக்கை முடித்தேன். அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று பின்னர் படித்தேன். டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு மறு வருடம், 1965இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு "மான்போ-கெய்" என்று பெயர். பத்தாயிரம் அடி மீட்டர் என்று அர்த்தம். விற்பதற்காக வைத்த ஒரு முழு எண் அது. நடப்பது நல்லது, அதில் சந்தேகமே இல்லை, இப்போதும் நடக்கிறேன். ஆப் இல்லை. சில நாள் பூ கட்டுகிற அம்மாவிடம் நின்று பேசிவிட்டுப் பாதியில் திரும்பிவிடுகிறேன். ஜூனில் மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்து சேர்ந்ததும் காவிரிக்கரை அம்மா மண்டபம் பக்கம் போய்ப் படித்துறையில் உட்கார்ந்துவிடுகிறேன்.

எண்ணவே முடியாத ஒன்று வேண்டும் என்று தோன்றித்தான் அம்மாவிடம் சிக்குக் கோலம் கற்றுக்கொள்ளப் போனேன். 21ஆம் தேதி அலுவலகத்தைப் பெண்களிடம் விட்டுவிட்டு லால்குடி போய்விடுவேன். ஒவ்வொரு மாதமும். அம்மாவால் இப்போது குனிந்து கோலம் போட முடியாது. நாற்காலியைத் திண்ணையில் போட்டு உட்கார்ந்துகொண்டு சொல்லுவார். 7 புள்ளி, நேர்ப்புள்ளி, 1இல் முடியணும். கோடு புள்ளியைத் தொடக் கூடாது, சுற்றிக்கொண்டு போகணும், எங்கே தொடங்கினதோ அங்கேயே வந்து முடியணும். ஒரு இடத்தில் தவறினால் இரண்டு தனி வளையமாகப் பிரிந்துவிடும். முதல் தடவை நன்றாக வந்ததும் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். பாராட்டு வந்தது. அடுத்த மாதம் போடும்போது எந்தக் கோணத்தில் எடுத்தால் நன்றாக வரும் என்று யோசித்துக்கொண்டே போட்டேன், கோடு சிக்கிக்கொண்டது. அன்றோடு படம் எடுப்பதை விட்டேன். பத்து மணிக்குள் பால்காரர் சைக்கிள், கோழி, அரிசிமாவுக்கு வரும் எறும்பு என்று பாதி அழிந்துவிடும். அந்தக் கோலத்தைப் பார்த்தது அம்மாவும் நானும் மட்டும்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இது நேர்மையாக இருக்காது. இதையெல்லாம் செய்ய எங்களுக்குச் சொந்த வீடும், இரண்டு வருமானமும், குறைத்துக்கொள்ள ஏதோ ஒன்றும் இருந்தன. மாத வாடகைக்கு அல்லாடுபவரிடமும், தினக் கூலியில் இருப்பவரிடமும் போய்ப் போதும் என்று பாடம் சொல்வது கொடுமை. அவர்களுக்கு வேண்டியது வருமானம். அதே போல, வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்ற நிலைக்குப் போனவர்கள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கோலமும் நடையும் அதற்கு மாற்று இல்லை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

உறுத்தல் இப்போது இல்லையா என்றால், இருக்கிறது. போன மாதம்கூட ஓரகத்தி வீட்டுக் கிருஹப்பிரவேசத்தில் மாடுலர் கிச்சனைப் பார்த்தபோது வந்தது. டைரியில் எழுதினேன். பிறகு அவரோடு அடுப்படியில் நின்று பாயசத்துக்கு முந்திரி வறுத்தேன், பேசிக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வரும்போது போய்விட்டிருந்தது.

இந்த மாதம் 20ஆம் தேதி மூன்றரை மணிக்குக் கடைசி 3பி போனது. நாற்காலியில் சாய்ந்தபோது போன் அடித்தது. அம்மா. எடுத்ததும், "ஏம்மா, கொல்லை முருங்கையில கம்பளிப்பூச்சி ஏறிடுச்சு, பக்கத்து வீட்டுக்காரர் மரத்தையே வெட்டிடலாம்ங்கிறார், நீ என்ன சொல்ற?" என்று ஆரம்பித்தார். கிளையை மட்டும் கழித்தால் போதுமா, வேப்பெண்ணெய் அடிக்கலாமா என்று பேசிக்கொண்டே போனோம். நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லி வைத்த பிறகுதான் கவனித்தேன், வேலையா இருக்கியா என்று அம்மா கேட்கவே இல்லை.